பழைய பங்க், ஆல்டர்நேட்டிவ் பாட்டுகளில் தீம் பிளேலிஸ்ட் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தீமை எடுத்துக்கொண்டு பழைய பங்க் (எழுபதுகளில் கிளம்பிய வேகமான, முரட்டு ராக்), ஆல்டர்நேட்டிவ் (அதன் வழியில் வந்த மாற்று ராக்) பாட்டுகளிலிருந்து முக்கால் மணி நேரப் பிளேலிஸ்ட் கோர்க்க நினைப்பவர்களுக்காக இது. ரசனை சம்பந்தப்பட்ட இடங்களில் என் சாய்வு அப்படியே தெரியும். உங்கள் சாய்வு வேறாக இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

"பழைய" பாட்டு என்றால் எந்த வருடம் வரை?

நான் போடும் கோடு 1976 முதல் 1991 வரை. ரமோன்ஸ் பேண்டின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது, நிர்வாணா பேண்டின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் 1991 செப்டம்பரில். முதலாவது நியூயார்க்கின் சிபிஜிபி என்ற சின்ன பாரில் வளர்ந்த சத்தம். இரண்டாவது வந்த பிறகு அந்தச் சத்தம் எங்கும் ஒலித்தது, அதைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கோட்டைத் தாண்டவே கூடாது என்றில்லை. பெரு நாட்டின் லாஸ் சைக்கோஸ் 1965-லேயே 'டெமோலிசியோன்' என்று ரயில் நிலையத்தை இடிக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். ரயில் தீம் போடுகிறவர் வருடத்தைக் காரணம் காட்டி அதை ஒதுக்கினால் நஷ்டம் அவருக்குத்தான்.

தீம் எப்படித் தேர்ந்தெடுப்பது? "கோபம்", "தனிமை" மாதிரி வைக்கலாமா?

வேண்டாம். பங்க்கில் கோபம் இல்லாத பாட்டைத் தேடுவதுதான் கஷ்டம், பிறகு "கோபம்" எப்படித் தீம் ஆகும்? மனநிலையைத் தீமாக வைத்தால் எந்தப் பாட்டையும் உள்ளே விடலாம். எதையும் வெளியே தள்ள முடியாத பட்டியலைப் பட்டியல் என்றே சொல்ல முடியாது. கையால் தொடக்கூடிய பொருளாகவோ, போய் நிற்கக்கூடிய இடமாகவோ, கடிகாரத்தில் காட்டக்கூடிய நேரமாகவோ தீம் இருக்கட்டும்: பேருந்து, சூப்பர் மார்க்கெட், தொலைபேசி, வேலை, இரவு பன்னிரண்டு மணி.

தலைப்பில் சொல் இருந்தால் போதும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். கிளாஷ் பேண்டின் 'டிரெய்ன் இன் வெய்ன்' பாட்டில் ரயிலே இல்லை. அது காதல் முறிவுப் பாட்டு. ஜாம் பேண்டின் 'டவுன் இன் த டியூப் ஸ்டேஷன் அட் மிட்நைட்' (1978) வேறு ரகம். பாதாள ரயில் நிலையத்தில் வீடு திரும்பும் ஒருவனை அடித்துப் போடும் கதை அது, நிலையத்தின் வாடை வரைக்கும் பாட்டில் உண்டு. இக்கி பாப்பின் 'த பாசெஞ்சர்' (1977) தலைப்பில் ரயில் கிடையாது. ஆனால் பெர்லின் நகர ரயிலில் சுற்றியதிலிருந்து பிறந்த பாட்டு அது. என் ரயில் பட்டியலில் முதலாவது கிடையாது, மற்ற இரண்டும் உண்டு.

நல்ல தீமுக்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். அந்தப் பாட்டுகள் ஒன்றுக்கொன்று எதிர்வாதம் செய்ய வேண்டும். வேலை என்ற தீமைப் பாருங்கள். கிளாஷின் 'கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்' (1977) வேலையில்லாதவனுக்குத் தூக்கிப் போடப்படும் வேலைகளை ஏளனம் செய்கிறது. ஜாமின் 'ஸ்மிதர்ஸ்-ஜோன்ஸ்' (1979) பாட்டில் வருகிறவர் ஒழுங்காக ரயிலேறி அலுவலகம் போகிற விசுவாசமான ஊழியர். அவரை ஒரு நாள் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஸ்மித்ஸின் 'ஹெவன் நோஸ் ஐயாம் மிசரபிள் நவ்' (1984) வேலை கிடைத்ததையே துக்கமாகப் பாடுகிறது. ரீப்ளேஸ்மென்ட்ஸின் 'வெயிட்ரஸ் இன் த ஸ்கை' (1985) விமானப் பணிப்பெண்ணை அதட்டும் திமிர் பிடித்த பயணியின் குரலில் வருகிறது. பாடியவரின் சகோதரி செய்த வேலை அது. நான்கு பாட்டும் நான்கு திசையில் இழுக்கின்றன. இழுப்பு இல்லாவிட்டால் பட்டியல் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

ஒரு முழுப் பட்டியலை உதாரணமாகக் காட்ட முடியுமா?

ரேடியோ. இந்தப் பாட்டுக்காரர்களுக்கு ரேடியோ காதலி, எதிரி, கடவுள் எல்லாமும்தான்.

தொடக்கம் மாடர்ன் லவர்ஸின் 'ரோட்ரன்னர்'. 1972-ல் பதிவாகி 1976-ல்தான் அவர்கள் ஆல்பத்தில் வந்தது. பாஸ்டனைச் சுற்றி ஓடும் ரூட் 128 நெடுஞ்சாலையில் இரவில் காரோட்டுகிறவனுக்கு ரேடியோ துணை. ஏறக்குறைய இரண்டே கிட்டார் கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டில்) மொத்தப் பாட்டும் முடிந்துவிடுகிறது. ரேடியோ மீது துளி சந்தேகமும் இல்லாத அன்பு இதில் உண்டு. இதை முதலில் வைத்தால்தான் பின்னால் வரும் கசப்பு உறைக்கும்.

அடுத்து கிளாஷின் 'கேபிடல் ரேடியோ' (1977). லண்டனின் தனியார் நிலையத்தைப் பெயர் சொல்லியே திட்டுகிறது. அதன் சூடு ஆறுவதற்குள் எல்விஸ் காஸ்டெல்லோவின் 'ரேடியோ, ரேடியோ'. 1977 டிசம்பரில் அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வேறொரு பாட்டைத் தொடங்கிய காஸ்டெல்லோ, சில நொடிகளில் அதை நிறுத்திவிட்டு இதைப் பாடினார். அந்த மேடைக்கு அவர் திரும்பி வர 1989 ஆயிற்று. இத்தனைக்கும் அன்று வந்திருக்க வேண்டியவர்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ். அவர்களுக்கு விசா சிக்கலானதால் இவரை அழைத்தார்கள். வம்பு வேண்டாம் என்று யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால் பாவம்தான்.

இரண்டு பாட்டு திட்டியாயிற்று, இனி ஆட வேண்டும். செலக்டரின் 'ஆன் மை ரேடியோ' (1979), கவென்ட்ரி நகரத்து ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) தாளம், பாலின் பிளாக்கின் குரல். அதன் பின் ஜாய் டிவிஷனின் 'டிரான்ஸ்மிஷன்' (1979). இதுவும் ரேடியோவுக்கு ஆடத்தான் சொல்கிறது, ஆனால் அந்தக் குரலில் கொண்டாட்டம் இல்லை. கட்டளை போல ஒலிக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதுதான் இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த இடம். அந்த இறுக்கத்தைத் தளர்த்த ரமோன்ஸின் 'டூ யூ ரிமெம்பர் ராக் அண்ட் ரோல் ரேடியோ?' (1980). பங்க்கைத் தொடங்கிவைத்த ஆட்களே ஐம்பதுகளின் ரேடியோ அறிவிப்பாளர்களை நினைத்து ஏங்குகிறார்கள். தயாரித்தவர் ஆர்ப்பாட்டமான ஒலிக்குப் பேர்போன ஃபில் ஸ்பெக்டர் என்பதால் சாக்ஸஃபோன் எல்லாம் சேர்ந்து ஒரே திருவிழா.

பிறகு அமெரிக்காவின் உள்ளே போகலாம். ஆர்.ஈ.எம்.மின் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' (1981), கிழக்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா நடத்திய வானொலியின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு வரியும் தெளிவாகப் புரியாமல் முணுமுணுக்கிறது. வால் ஆஃப் வூடூவின் 'மெக்சிகன் ரேடியோ' (1982), எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பெரும் சக்தியில் ஒலிபரப்பிய நிலையங்களைப் பற்றியது. மினிட்மென்னின் 'திஸ் எய்ன்ட் நோ பிக்னிக்' (1984) இரண்டே நிமிடம். வேலையிடத்து ரேடியோவில் கறுப்பினத்தவரின் சோல் இசையைக் கேட்க விடாத மேலாளர் மேல் வந்த கோபத்தில் அதன் பாடகர் டி. பூன் எழுதியது. அதையடுத்து ரீப்ளேஸ்மென்ட்ஸின் 'லெஃப்ட் ஆஃப் த டயல்' (1985). அமெரிக்காவில் கல்லூரி நிலையங்கள் எஃப்.எம். முள்ளின் இடது ஓரத்தில்தான் இருக்கும். ஊர் ஊராக வேனில் போகிற ஒருவன், வேறொரு பேண்டில் பாடும் பெண்ணின் குரல் அந்த ஓரத்தில் எங்காவது சிக்குமா என்று தேடுகிறான்.

கடைசியில் அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்'. ரேடியோ என்ற சொல்லே இல்லாத பாட்டு இங்கே எதற்கு? 1978 செப்டம்பரில் பிபிசி ரேடியோ 1-ல் அறிவிப்பாளர் ஜான் பீல் இதைப் போட்டு, முடிந்ததும் உடனே இன்னொரு முறை போட்டார். இதன் ஒரு வரி அவர் கல்லறைக் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பட்டியலிலும் இது அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டும். "ஏற்கெனவே உள்ளது, மறுபடி சேர்க்கவா?" என்று செயலி கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுங்கள். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும்.

எத்தனை பாட்டு இருக்கலாம்?

பாட்டை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். பழக்கத்தால் வந்த அளவுதான், ஆனாலும் இன்றைக்கும் சரியாக இருக்கிறது. ரமோன்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். வயரின் 'பிங்க் ஃப்ளாக்' (1977) 21 பாட்டை 35 நிமிடத்தில் முடித்துவிடுகிறது, அதில் ஒரு பாட்டு 28 நொடி. எதிர்ப்பக்கம் டெலிவிஷனின் 'மார்க்கீ மூன்' ஒன்றே பத்து நிமிடம் போகும். நூறு பாட்டுப் பட்டியலை யாரும் கடைசி வரை கேட்பதில்லை.

வரிசையில் அவ்வளவு இருக்கிறதா? ஷஃபிளில் (வரிசையைக் கலைத்து) போட்டால் ஆகாதா?

ஆகாது. தேர்வைவிட வரிசைக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு பாட்டு எப்படி முடிகிறது, அடுத்தது எப்படித் தொடங்குகிறது என்று அந்த இருபது நொடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். க்யூரின் 'ஜஸ்ட் லைக் ஹெவன்' பாட்டை டைனோசர் ஜூனியர் 1989-ல் மறுபடி பாடியபோது, பாதி வரியில் கத்தரித்தது போலச் சட்டென்று நின்றுவிடும். அதன் பின்னால் மெதுவாகத் தலைகாட்டும் பாட்டை வைத்தால் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணித் தொடங்கும் பாட்டை வைத்தால் கதவை உதைத்துத் திறந்தது போல இருக்கும். ஃபுகாஸியின் 'வெயிட்டிங் ரூம்' (1988) ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் முழுதாக நின்று, மூச்சு விட்டு, மறுபடி கிளம்பும். அதை முதலில் வைத்தால் கேட்பவர் கை ஃபோனுக்குப் போகும். நடுவில் வைப்பது நல்லது.

ஒரு பாட்டின் கடைசியும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றில் ஒன்று கரையும்படி செயலியில் ஒரு வசதி உண்டு. பங்க் பட்டியலுக்கு அதை அணைத்துவிடுங்கள். 46 நொடியில் முடியும் மைனர் த்ரெட்டின் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டில் பன்னிரண்டு நொடியைக் கரைத்தால் என்ன மிஞ்சும்?

ஒரே பாட்டுக்கு நான்கைந்து பதிவு காட்டுகிறதே, எதை எடுப்பது?

முதலில் வந்த சிங்கிளை (தனிப் பாட்டாக வெளியான தட்டை) தேடுங்கள். 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' 1981-ல் ஒரு சிறு லேபிளில் சிங்கிளாக வந்தது, 1983-ல் ஆல்பத்துக்காக மறுபடி பதிவானது. முதலாவது வேகமானது, முரட்டுத்தனமானது. 'கேபிடல் ரேடியோ' பாட்டையும் கிளாஷ் 1979-ல் மறுபடி பதிவு செய்தார்கள். இதைவிடப் பெரிய வம்பு ஸ்டூஜஸின் 'ரா பவர்'. 1973 ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் (குரல், கருவிகளின் ஒலி அளவைச் சேர்த்துச் சரிசெய்தவர்) பாடகர் டேவிட் போவி. 1997-ல் ஸ்டூஜஸின் பாடகர் இக்கி பாப் அதைத் தானே மறுபடி மிக்ஸ் செய்தபோது காது கிழியும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றிவிட்டார். எது சரி என்று இன்னும் சண்டை நடக்கிறது. பட்டியலில் அதன் பக்கத்தில் எழுபதுகளின் ஒல்லியான பதிவு இருந்தால் போவியுடையதே பொருந்தும்.

பாடியவர்களே முப்பது வருடம் கழித்து மறுபடி பாடி, பழைய அட்டைப்படத்தோடு ஏற்றிய பதிவுகளும் உலவுகின்றன. நிமிடக் கணக்கும் வருடமும் இடித்தால் சந்தேகப்படுங்கள். சிடியிலிருந்து எடுத்த கோப்பு என்றால் இன்னொரு பொறி: 'நெவர்மைண்ட்' கடைசிப் பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட மௌனம், அதற்கப்புறம் ஒளித்துவைத்த ஒரு பாட்டு. வெட்டாமல் போட்டால் விருந்தே கலைந்துவிடும்.

ஒரே பேண்டின் இரண்டு பாட்டைப் போடலாமா?

ஒன்று போதும். கிளாஷுக்கு மட்டும் எனக்கு மனம் இளகும்.

வாரத்தின் ஏழு நாளையும் தீமாக வைக்கலாமா? ஜாலியாக இருக்குமே?

வைக்கலாம், ஜாலியாக இருக்காது. திங்களுக்கு எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது பூம்டவுன் ராட்ஸின் 'ஐ டோன்ட் லைக் மண்டேஸ்'. 1979 ஜனவரி 29 அன்று சான் டியாகோவில் 16 வயதுப் பெண் ஒருத்தி எதிரிலிருந்த ஆரம்பப் பள்ளியை நோக்கிச் சுட்டதில் பெரியவர்கள் இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தியிலிருந்து எழுந்த பாட்டு அது. ஞாயிற்றுக்கு யூ2-வின் 'சண்டே பிளடி சண்டே' (1983): 1972-ல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலத்தினர் மீது பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய துப்பாக்கிச் சூடு. வாரத்தின் இரு முனையிலும் ரத்தம். நடுவில் புதனுக்கு வருகிற 'வெட்னஸ்டே வீக்' (1980), அதே டெர்ரி நகரத்துப் பையன்களான அண்டர்டோன்ஸின் காதல் பாட்டு. அந்த ஊரில் வளர்ந்தவர்கள் துப்பாக்கியைப் பாடாமல் பெண்ணைப் பாடியதே ஒரு பிடிவாதம்தான். இந்த எதிர்வாதம் பிடிபட்டால் பட்டியல் நிற்கும்.

சனிக்கு க்யூரின் '10:15 சாட்டர்டே நைட்' (1979), குழாய் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி அழைப்புக்காகக் காத்திருப்பவன். வெள்ளிக்கு அதே க்யூரின் 'ஃப்ரைடே ஐயாம் இன் லவ்' (1992). 1991 கோடு, ஒரு பேண்டுக்கு ஒரு பாட்டு என்று மேலே சொன்ன இரண்டு விதியும் இங்கே சேர்ந்தே உடைகின்றன, பரவாயில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இந்தத் தரத்தில் எனக்கு எதுவும் அகப்படவில்லை. இட்டு நிரப்பாமல் காலியாக விடுவதே மரியாதை.

சிக்கலான பாட்டுகளை என்ன செய்வது?

பாட்டு எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். க்யூரின் முதல் சிங்கிளான 'கில்லிங் அன் அரப்' ஆல்பர் காம்யுவின் 'அந்நியன்' நாவலில் வரும் கொலையை வைத்து எழுதப்பட்டது. ஆனால் தலைப்பை மட்டும் பார்த்து அரபியர் மீதான வெறுப்புக்கு அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். 1986-ல் வந்த தொகுப்பில் அதைக் கண்டித்து ஒட்டுச்சீட்டே ஒட்ட வேண்டியதாயிற்று. விளக்கம் சொல்ல இடமில்லாத பட்டியலில், தெரியாதவர்கள் கேட்கப்போகும் இடத்தில், நான் அதைச் சேர்ப்பதில்லை.

பெண்களுக்கென்று தனிப் பட்டியல் போடலாமா?

"பெண்கள்" ஒரு தீம் இல்லை. கடைத்தெரு என்று தீம் வையுங்கள், அவர்கள் தானாகவே முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 'வாரியர் இன் வுல்வொர்த்ஸ்' (1978), ஸ்லிட்ஸின் 'ஷாப்லிஃப்டிங்' (1979). முதலாவதைப் பாடிய பாலி ஸ்டைரீன், பிளாஸ்டிக்கும் விளம்பரமும் சூழ்ந்த வாழ்க்கையைப் பல்லில் கம்பி மாட்டிய சிரிப்போடு பாடினார். ஸ்லிட்ஸ் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பாட்டும் மூச்சிரைக்க ஓடுகிறது. அதற்கு எதிரே கிளாஷின் 'லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்' (1979), அலமாரிகளுக்கு நடுவே தொலைந்து நிற்கும் ஓர் ஆணின் புலம்பல். பின்னால் ஸ்மித்ஸின் 'ஷாப்லிஃப்டர்ஸ் ஆஃப் த வேர்ல்ட் யுனைட்' (1987), ஜேன்ஸ் அடிக்‌ஷனின் 'பீன் காட் ஸ்டீலிங்' (1990). திருடுவதில் இத்தனை விதமா என்று ஆகிவிடும்.

எல்லாமே லண்டன், நியூயார்க்காக இருக்கிறதே?

அது பட்டியல் போடுகிறவர்களின் சோம்பேறித்தனம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து செயின்ட்ஸ் 'ஐயாம் ஸ்ட்ராண்டட்' பாட்டைத் தாங்களே 1976 செப்டம்பரில் வெளியிட்டார்கள். பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிளான டேம்ன்டின் 'நியூ ரோஸ்' வந்தது அதற்கு அடுத்த மாதம்தான். ஜப்பானின் ப்ளூ ஹார்ட்ஸ் பாடிய 'லிண்டா லிண்டா' (1987) மொழி தெரியாதவர்களையும் கத்தவைக்கும். சூரிச் நகரத்துப் பெண்கள் பேண்டான க்ளீனெக்ஸ், காகிதக் கைக்குட்டை நிறுவனத்தின் எதிர்ப்பால் லிலிபுட் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாற்றம் என்று ஒரு தீம் போட்டால் இவர்களிடமிருந்து தொடங்கலாம்.

செயலி தானாகப் பரிந்துரைப்பதை நம்பலாமா?

முதல் மூன்று பாட்டு வரை. அதன் பிறகு எந்தத் தீம் கொடுத்தாலும் அதே இருபது பாட்டுக்குத்தான் அது திரும்பி வரும். மனிதர்கள் உட்கார்ந்து தொகுத்த ஆல்பங்களைக் கேளுங்கள். 1972-ல் லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' அறுபதுகளின் மறந்துபோன கராஜ் (வீட்டுக் கார் கொட்டகையில் வாசித்துப் பழகிய) பேண்டுகளை வரிசைப்படுத்தி, பின்னால் வந்த பங்க்குக்கே பாடப்புத்தகமாயிற்று. 1978-ல் பிரையன் ஈனோ தயாரித்த 'நோ நியூயார்க்'கில் நான்கே பேண்ட், ஆளுக்கு நான்கு பாட்டு. 1986-ல் ஒரு பிரிட்டிஷ் இசை வார இதழ் வெளியிட்ட 'சி86' கேசட்டில் 22 பேண்ட். அந்தக் கேசட்டின் பெயரே ஒரு பாணியின் பெயராக நிலைத்துவிட்டது.

இதற்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு, அதுவும் ஒரு பட்டியல் போடும் அளவுக்கு. லண்டனில் பிறந்து, சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, அகதியாக மறுபடி லண்டன் போன மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., தன் தாயின் பெயரில் 2007-ல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டு 'பேம்பூ பாங்கா' மேலே சொன்ன 'ரோட்ரன்னர்' வரிகளோடு தொடங்குகிறது. '20 டாலர்' பிக்சீஸின் 'வேர் இஸ் மை மைண்ட்?' (1988) பாட்டைக் கடன் வாங்குகிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' ஓடுவது கிளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982) இசையின் மேல்.

மூலத்தையும் இவருடையதையும் ஜோடி ஜோடியாக வையுங்கள். அதிலும் கடைசி ஜோடி அபாரம். கிளாஷ் பாட்டு, அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகளையும் யாருக்கும் வேண்டாதவர்களாகிவிட்ட குடியேறிகளையும் வெளியிலிருந்து இரங்கிப் பார்க்கிறது. கால் நூற்றாண்டு கழித்து, அப்படிக் குடியேறிய ஒருத்தியே அதே கிட்டார் மேல் ஏறி நின்று விசாவையும் துப்பாக்கியையும் காட்டிக் கேலி செய்கிறாள். இடையில் 'பேர்ட் ஃப்ளூ'வின் உருமியைச் சேர்த்தால் நம்மூர் ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம்.

போட்ட பட்டியலை எப்படிப் பத்திரப்படுத்துவது?

உரிமச் சிக்கலால் பாட்டுகள் திடீரென்று மங்கி, தொட்டால் ஓடாமல் போவது சகஜம். சில சமயம் வேறு பதிவு சத்தமில்லாமல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பாட்டு, பேண்ட், வருடம், எந்த வெளியீட்டில் வந்த பதிவு, எத்தனை நிமிடம் என்று வரிசைப்படி ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி வையுங்கள். யாருக்காவது அனுப்பும்போது இணைப்போடு அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் வைத்திருப்பது வேறு செயலியாகக்கூட இருக்கலாம்.